மேல் டிவிஷன் வேறு, கீழ் டிவிஷன் வேறு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வேலை அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். சாதித்ததை எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். நானும் உங்கள் வயதில் அப்படிப்பட்டதைப் படித்ததில்லை. ஆகவே சறுக்கியதை எழுதுகிறேன். பெரிய வலையமைப்பில் இருக்கும் ரவுட்டர்களைக் குழு குழுவாகப் பிரிப்பது எப்படி என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். தேர்விலும் எழுதித் தேறியிருப்பீர்கள். எந்தக் கட்டளையை எங்கே தட்ட வேண்டும் என்பது இன்றைக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டே ஒரு மனிதன் எப்படித் தப்பு செய்கிறான் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அந்த மனிதன் நான்தான்.

நான் வேலைக்கு வந்த புதிதில் நம் தோட்டக் கம்பெனிக்குப் பேராக் மாநிலம் முழுக்க மொத்தமே ஒரு டஜன் ரவுட்டர்கள்தான். ஈப்போ தலைமை ஆபீசில் இரண்டு, பெரிய தோட்டங்களில் ஒவ்வொன்று. பிறகு பால்மரம் போய் செம்பனை வந்தது, ஆலைகள் கூடின, எடைமேடைக்கு ஒன்று, கிளினிக்குக்கு ஒன்று என்று பெட்டிகள் பெருகின. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு வளர்த்ததல்ல. தேவைப்பட்டபோது ஒன்றை வாங்கி, பக்கத்தில் இருந்ததோடு சேர்த்துவிட்டுப் போனோம். நூற்றுச் சொச்சம் ஆன பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது.

தலைவலிக்குப் பெயர் தைப்பிங் மழை. அந்த ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் ஆனால் மழை, சாயங்காலம் ஆனால் மழை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிக்குக் கம்பி கிடையாது, டவரில் இருந்து டவருக்கு ரேடியோதான். மழை கனத்தால் ரேடியோ விழும், கொஞ்சம் விட்டால் எழும். விழும்போதும் எழும்போதும் பக்கத்தில் இருக்கும் ரவுட்டர் அந்தச் சேதியை மற்ற எல்லாருக்கும் சொல்லும். கேட்ட ஒவ்வொரு ரவுட்டரும் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, எந்த இடத்துக்கு எந்த வழியாகப் போவது என்று முதலில் இருந்து கணக்குப் போடும். நல்ல பெட்டி என்றால் ஒரு நொடியில் போட்டுவிடும். தோட்டத்து மூலையில் தூசியும் பல்லியும் குடியிருக்கும் பழைய பெட்டி திணறும்.

விளைவு என்ன என்றால், தெற்கே வெயில் கொளுத்தும் ஆலையில் லாரி எடைமேடை மீது நிற்கும், கணினி அசையாது. அங்கே எடைக்கணக்கு எழுதும் கிராணி எனக்குப் போன் போடுவார்.

“அண்ணே, தைப்பிங்ல மழையா?”

“ஆமாப்பா.”

“அங்க மழ பேஞ்சா இங்க ஏன்ணே ஆடுது?”

நியாயமான கேள்வி. லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் பிள்ளை அழுதால் தோட்டம் முழுக்க எழுந்து உட்கார்ந்துகொள்வது போன்ற ஏற்பாடு அது. பத்து வீடு இருந்தபோது சரி, நூறு வீடான பிறகு யாருக்கும் தூக்கம் இல்லை. ஆகவே பிரிப்பது என்று முடிவு செய்தோம். தைப்பிங் ஒரு குழு, கோலா கங்சார் ஒரு குழு, தெற்கு ஒரு குழு, நடுவில் எல்லாரையும் இணைக்கும் முதுகெலும்பாக ஈப்போ. ஒரு குழுவுக்குள் நடக்கிற அமளி அந்தக் குழுவோடு நிற்க வேண்டும். குழுவின் எல்லையில் நிற்கும் ரவுட்டரை நாங்கள் வாசல் என்று சொல்வோம். வாசல் வெளியே சொல்லுகிற சேதி ஒரே வரி: “இன்னின்ன முகவரிகள் எல்லாம் என் பக்கம் இருக்கின்றன, கொண்டுவந்து கொடுங்கள்.” உள்ளே எந்த லைன் விழுந்தது, எது எழுந்தது என்பதை வெளியே சொல்லாது.

அந்தப் படத்தை வரைய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. வண்ண வண்ணமாக வரைந்தேன். தைப்பிங் நீலம், கோலா கங்சார் மஞ்சள், தெற்கு பச்சை. கம்பெனியின் நிர்வாகப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தத் தோட்டம் எந்த வட்டாரத்தில் என்று பார்த்துப் பார்த்து நிறம் அடித்தேன். இங்கேதான் முதல் தப்பு. பட்டியலில் இருப்பது ஆபீஸ்காரர்கள் போட்ட பிரிவு. லைன் அதைப் படித்துவிட்டுப் போவதில்லை.

குறிப்பாக ஒரு தோட்டம். கோலா கங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையில் இருக்கிறது, நடுவில் ஒரு மலைமேடு. மேட்டுக்கு இந்தப் பக்கம் மேல் டிவிஷன், அங்கே ஆலை. அந்தப் பக்கம் இறங்கினால் கீழ் டிவிஷன், அங்கே கிளினிக். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே நிர்வாகி, கோலா கங்சார் வட்டாரம். நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்தில்தான். பட்டியல் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் நான் இரண்டையும் பிரித்திருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒரே திருவிழா, ஒரே பந்து விளையாட்டுக் குழு என்று வளர்ந்தவன் நான். இரண்டுக்கும் மஞ்சள் அடித்தேன், அடுத்ததற்குப் போய்விட்டேன்.

எங்களுக்கு டவர் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒப்பந்தக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர்; ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். மோட்டாரில் பின்னால் ஒரு கருவிப் பெட்டி, மழைக்கோட்டு, இடுப்பு வார். பேராக்கில் நம் கம்பெனிக்கு இருக்கும் எல்லா டவரையும் கையால் தொட்டவர் அவர் ஒருவர்தான். ஒரு நாள் ஏதோ பாரத்தில் கையெழுத்து வாங்க வந்தவர், என் மேசையில் விரித்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு நின்றார். விரலை அந்தத் தோட்டத்தின் மேல் வைத்தார்.

“அண்ணே, இது ரெண்டும் ஒரே கலரா இருக்கே.”

“ஒரே தோட்டம்தானே?”

“பேருதான்ணே ஒண்ணு. மேல் டிவிஷன் லைன் கோலா கங்சாருக்குப் போவுது. கீழ் டிவிஷன் லைன் தைப்பிங்குக்கு எறங்குது. நடுவுல மலைமேட்டு டவர் ஒண்ணுதான் ரெண்டையும் புடிச்சிக்கிட்டு இருக்கு. காத்தடிச்சா அது தலையாட்டும்லா.”

“அதெல்லாம் தாங்கும்ணே. நான் பொறந்த தோட்டம், எனக்குத் தெரியாதா?”

“நீங்க பொறந்தப்ப டவர் இல்லண்ணே.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் படத்தை மாற்றவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு, யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தேன் என்றால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். நான் யோசிக்கவே இல்லை. டவர் ஏறுகிறவர் டவரைப் பற்றிச் சொல்கிறார், படம் வரைவது என் வேலை என்று எண்ணிக்கொண்டேன்.

புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. தைப்பிங்கில் மழை பெய்தது, தெற்கே எடைமேடை தடங்கல் இல்லாமல் ஓடியது. கிராணி போன் போடுவதை நிறுத்திவிட்டார். எங்கள் மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. நாங்கள் பாஸ் என்போம். காசு விஷயத்திலும் பாராட்டு விஷயத்திலும் கை இறுக்கம். அவரே என் படத்தைப் பார்த்து “சந்தெக்” என்றார். மலாயில் அழகு என்று பொருள், அவர் வாயில் அந்தச் சொல் வருவது அபூர்வம். கோலாலம்பூரில் இருந்து பெரியவர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள், மற்ற மாநிலத் தோட்டங்களுக்கும் இதே மாதிரிதான் செய்யப் போகிறார்கள் என்று சொன்னார். எனக்கு அப்போது ஓய்வு பெற ஆறேழு வருடம் இருந்தது. கிளம்புவதற்குள் ஒரு நல்ல பெயர். தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரியவர்கள் வருவதற்கு முந்தைய வாரம், புதன்கிழமை. புதன்கிழமைகளில் ஈப்போவில் இருக்கும் டாக்டர் திரையில் வந்து தோட்டத்து நோயாளிகளைப் பார்ப்பார். கீழ் டிவிஷன் கிளினிக்கில் இருந்தது ஒரு மிஸ்ஸி மட்டும்தான். நர்சுகளை நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம். இரத்த அழுத்தம், நீரிழிவு, புண் ஆறவில்லை என்று வந்து உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகத் திரைக்கு முன்னால் உட்கார வைப்பார்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஈப்போவில் நல்ல வெயில். என் திரையில் மலைமேட்டு ரேடியோ சிவப்பாக மாறியது. நான் பதறவில்லை. அது விழுந்தால் மேல் டிவிஷன் கோலா கங்சார் வழியாகப் போகும், கீழ் டிவிஷன் தைப்பிங் வழியாகப் போகும், யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் என் எண்ணம். டவர்காரர் கோலா கங்சாரில்தான் இருந்தார். நான் சொல்வதற்கு முன்பே, “பாத்துட்டேன்ணே, நான் போறேன்” என்று போனில் சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்துவிட்டார்.

அடுத்து மிஸ்ஸியின் போன். கீழ் டிவிஷனில் கிளினிக் வாசற்படியில் நின்றால் மட்டும்தான் கைப்பேசி கிடைக்கும்.

“அண்ணே, டாக்டர் மொகம் அப்படியே நின்னுப் போச்சு. இங்க பன்னெண்டு பேரு ஒக்காந்திருக்காங்க.”

“பொட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மிஸ்ஸி.”

“பண்ணிட்டேன்ணே. எல்லா வெளக்கும் பச்சையாத்தான் எரியுது.”

அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கினேன், மண்டையில் வாங்கவில்லை. தைப்பிங் லைனும் சேர்ந்து விழுந்திருக்கும், அங்கேதான் மழையாயிற்றே என்று நினைத்தேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். டாக்டர் தரப்பில் இருந்து பாசுக்குப் போன் போயிருக்கிறது. அவர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் பின்னால் நின்றால் முதுகு சுடும். உங்களுக்கும் ஒரு பாஸ் இருப்பார், தெரியும்.

டவர்காரர் மேட்டில் இருந்து கூப்பிட்டார்.

“அண்ணே, மேல இருக்குற ரேடியோ தட்டு திரும்பிப் போச்சு. காத்துல போல்ட் கழண்டிருக்கு. ஏறி முடுக்கினா வந்துரும்.”

“மழ?”

“தூறல்தான். இடி தைப்பிங் பக்கம் கேக்குது, இங்க இன்னும் வரல. ஏறவா?”

“கொஞ்சம் இருங்கண்ணே.”

இருங்கள் என்று ஏன் சொன்னேன் என்றால், அவர் பேசிக்கொண்டிருந்தபோதே நான் தைப்பிங் லைனைத் தட்டிப் பார்த்தேன். அது விழவில்லை. கிளினிக்கில் இருந்து தைப்பிங் வரைக்கும் லைன் நன்றாக உயிரோடு இருந்தது. மிஸ்ஸி சொன்ன பச்சை விளக்கு அப்போதுதான் மண்டையில் எரிந்தது. லைன் இருக்கிறது, டாக்டர் தெரியவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே?

என் படத்தில். மஞ்சள் குழுவுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று கோலா கங்சாரில், ஒன்று தைப்பிங்கில். இரண்டு வாசலையும் ஒரே வரி சொல்லும்படி நான்தான் வைத்திருந்தேன்: “இந்தத் தோட்டம் முழுக்க என் பக்கம் இருக்கிறது.” மலைமேட்டு ரேடியோ இருக்கும்வரை அது உண்மை. அது விழுந்ததும் தோட்டம் இரண்டாகப் பிளந்துபோனது, ஆனால் வாசல்கள் இரண்டும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தன. ஈப்போவுக்குக் கோலா கங்சார் வாசல்தான் அருகில். டாக்டர் அனுப்பியதெல்லாம் அங்கே போயிற்று. அந்த வாசலுக்குக் கீழ் டிவிஷன் போக வழி இல்லை. வாங்கிய சாமானை எல்லாம் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது.

மருந்தும் எனக்குத் தெரியும். இரண்டு வாசல்களிலும் அந்த ஒரு வரியை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் ஒவ்வொரு வாசலும் தன்னிடம் உண்மையில் இருப்பதை மட்டும் சொல்லும். கிளினிக் தைப்பிங் வழியாக வந்துவிடும். மலைமேட்டில் யாரும் ஏற வேண்டியதில்லை. ஒரு நிமிட வேலை.

ஆனால் பாஸ் பின்னால் நிற்கிறார். அந்த வரிதான் அவர் அழகு என்று சொன்னது. அடுத்த வாரம் பெரியவர்கள் பார்க்கப் போவதும் அதைத்தான். இப்போது அவர் கண் முன்னால் அதை எடுத்தால் ஏன் என்று கேட்பார். படமே தப்பு என்று சொல்ல வேண்டும். அதைவிட, டவரில் போல்ட்டை முடுக்கிவிட்டால் ரேடியோ வந்துவிடும், தோட்டம் மறுபடி ஒன்றாகிவிடும், நாளைக்கு யாரும் இல்லாதபோது படத்தைச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம். இதையெல்லாம் நான் வார்த்தை வார்த்தையாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்தேன்.

“ஆள் அங்கேதானே இருக்கிறார்? ஏறச் சொல்லு” என்றார் பாஸ். அவருக்கு இடி விஷயம் தெரியாது. நான் சொல்லவில்லை.

போனை எடுத்து, “சரிண்ணே, பாத்து ஏறுங்க” என்றேன்.

பார்த்து ஏறுங்கள் என்பது எவ்வளவு வசதியான வார்த்தை பாருங்கள். ஏறச் சொன்னதும் ஆயிற்று, ஏதாவது ஆனால் பார்க்காதது அவர் தப்பும் ஆயிற்று. அவர், “சரிண்ணே” என்று வைத்துவிட்டார். கைப்பேசியை மோட்டார் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் ஏறுவார் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். மிஸ்ஸி மறுபடியும் கூப்பிட்டார்.

“அண்ணே, லைன் வேணாம். அடுத்த பொதன் பாத்துக்கலாம். இவங்களுக்கெல்லாம் மருந்து கையில இருக்கு. இங்க இடி ரொம்பக் கிட்டக்க வந்துருச்சு, எல்லாரையும் உள்ள கூட்டிக்கிட்டேன். மலைமேட்டு மேல மின்னல் வெட்டுற வெட்டு கண்ண பறிக்குதுண்ணே. நீங்களும் யாரையும் அனுப்பாதீங்க.”

அவருக்கு அங்கே ஆள் இருப்பது தெரியாது. அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு டவர்காரருக்குப் போன் அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே மறு கையால் இரண்டு வாசல்களிலும் அந்த வரியை எடுத்தேன். பாஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது அது எனக்குப் பொருட்டாக இல்லை. கிளினிக் பச்சையாக மாறியது. டாக்டர் தரப்பில் இருந்து வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பாஸ், “போலே லா” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். பரவாயில்லை, ஆகிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஒரே ஒரு மனிதர் மட்டும், இனி அவசியமே இல்லாத ஒரு போல்ட்டுக்காக, ஈரமான இரும்பில் ஏறிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்ல வழி இல்லை. நான் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பயந்தேன். அவருடைய மனைவியை எனக்குத் தெரியும். அவருடைய மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டவன் நான். வேலையில் இருந்த இத்தனை வருடத்தில் நீளமான நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கடிகாரத்தின்படி பதினொரு நிமிடம்.

பிறகு அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கினார்.

“அண்ணே, பாதியிலயே எறங்கிட்டேன். இடி தலைக்கு மேல வந்துருச்சு. மன்னிச்சிக்குங்க. மழ விட்டதும் மறுபடி ஏறுறேன்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வேணாம்ணே. வந்துருச்சு” என்றேன்.

“வந்துருச்சா? நான் இன்னும் கையே வைக்கலயே.”

“தானா வந்துருச்சுண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க.”

அவர் சரி என்று வைத்துவிட்டார். திரும்பிப்போன தட்டு தானாகத் திரும்பி வராது என்பது எனக்குத் தெரிவதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைய அறிக்கையில், ரேடியோ கோளாறு, ஊழியர் உடனே இடத்துக்குப் போனார், சேவை திரும்பியது என்று எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. படித்துப் பார்த்தால் அவர் ஏறிச் சரி செய்ததாகத்தான் தோன்றும். பாஸ் எங்கள் இருவருக்கும் சேர்த்து நன்றி என்று மின்னஞ்சல் போட்டார். நான் வரைந்ததிலேயே மோசமான படம் அந்த அறிக்கைதான்.

அந்த வாரக் கடைசியில் படத்தைத் திருத்தினேன். கீழ் டிவிஷனை நீலமாக்கி தைப்பிங் குழுவில் சேர்த்தேன். எங்கள் தோட்டத்தின் நடுவே கோடு போட எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. பிறகு மற்ற தோட்டங்களையும் எடுத்து, இந்த ஒரு லைன் விழுந்தால் இந்தக் குழு ஒரே துண்டாக இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். தெற்கே ஒன்று அகப்பட்டது. அதையும் மாற்றினேன். நீங்கள் இன்று உட்கார்ந்து வேலை பார்க்கிற பிரிவு அதுதான்.

படம் நேராகிவிட்டது, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெரியவர்கள் வந்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். அவர்கள் போன மறுநாள் பாஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். படம் தப்பு, டவர்காரர் முன்பே சொன்னார், நான் கேட்கவில்லை, அன்றைக்கு ஏற வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்தும் ஏறச் சொன்னேன், இடி இருப்பதை உங்களிடம் மறைத்தேன். அவர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டு கேட்டார். படம் இப்போது சரியாகிவிட்டதா என்றார். ஆகிவிட்டது என்றேன். அறிக்கையைத் திருத்தி எழுது, இடி இருந்தால் யாரும் டவர் ஏறக்கூடாது என்று ஒரு விதி எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவ்வளவுதான். ஐந்து நிமிடம். எந்த முகத்துக்குப் பயந்து நான் ஒரு மனிதரை மேலே ஏற்றினேனோ, அந்த முகம் சுளிக்கக்கூட இல்லை. அந்த விதி இன்னும் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பிள்ளைகளே, குழு பிரிக்கும்போது பெயரைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், லைன் போகிற போக்கைப் பார்த்துப் பிரியுங்கள். அந்த லைனைக் கையால் தொடுகிறவர் உங்கள் மேசைக்கு வந்து விரல் வைத்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒரு மனிதனை வெளியே அனுப்புவதற்கு முன்னால், உட்கார்ந்த இடத்தில் இருந்தே சரி செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியும் என்று தெரிந்த பிறகு அனுப்பாதீர்கள். இதைச் சொல்ல நான் வேண்டியதில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தும் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

டவர்காரரிடம் சொல்வதைத்தான் கடைசியில் வைத்தேன். அவர்தான் சுலபம் என்று நினைத்தேன். பழகிய மனிதர், சிரித்துப் பேசுகிறவர், ஆபத்து ஒன்றும் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கோலா கங்சாரில் ஆற்றுப் பக்கத்துக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். ரொட்டி சானாய், தே தாரிக். திருத்திய படத்தைக் காட்டினேன். கீழ் டிவிஷன் நீலமாக இருப்பதைப் பார்த்து, “இப்பத்தான்ணே சரியா இருக்கு” என்றார். சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் சொல்லிவிட்டேன். வாசல்கள், ஒரு வரி, ஒரு நிமிட வேலை, பின்னால் நின்ற பாஸ்.

அவர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அன்னிக்கு நான் ஏறவான்னு கேட்டப்ப உங்களுக்குத் தெரியாது. எறங்கினப்பறம்தான் தெரிஞ்சிச்சு. அப்படித்தான?”

எனக்கு ஒரு வழி காட்டினார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பார்.

“இல்லண்ணே. ஏறுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே தெரியும்” என்றேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். தன்னுடைய பங்குக்குப் பணத்தை மேசையில் வைத்தார். எத்தனையோ தடவை அந்தக் கடையில் சாப்பிட்டிருக்கிறோம், யார் கொடுப்பது என்று இழுபறி நடக்காமல் எழுந்ததில்லை. அன்று நானும் என் பங்கை எடுத்து வைத்தேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. திங்கட்கிழமை மலைமேட்டில் ஏறி, அவசரம் இல்லாததால் அதுவரை அப்படியே கிடந்த அந்தத் தட்டைச் சரி செய்துவிட்டுக் கூப்பிட்டார்.

“முடுக்கிட்டேன். பாருங்க சார்.”

திரையில் பார்த்தேன், வந்திருந்தது. வந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஆறு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒரு நாளும் வேலையில் குறை வைத்ததில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் இல்லை. கூப்பிட்டால் வருவார், கேட்டால் சொல்வார். என் பிரிவு உபசாரத்துக்குக்கூட வந்து, கையைப் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்றார். நான் கடைசிவரை அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை மறுபடி அப்படிக் கூப்பிடவே இல்லை.